குடிக்காதவன் வீட்டுச் சரக்கு

சலிமா ஏரிக்கரை
14 ஏப்ரல் 1996

தியாமிகே அம்மாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன் என்று முதல் வாரமே எழுதியிருக்க வேண்டும். கை நடுக்கம் விடவில்லை. இதற்கே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

மத்தயோவின் மீன் லாரியில் என்னை ஏற்றிவிட்டு நீ திரும்பிப் பார்க்காமல் நடந்து போனதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். அவன் என்னை இங்கே படகு கட்டுகிற அசுமானியின் பட்டறையில் இறக்கிவிட்டான். அசுமானி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடிப்பியா?"

"குடிச்சேன்."

"குடிச்சேனா, குடிக்கிறேனா?"

"தெரியல ஐயா."

"இந்தப் பக்கம் எல்லாரும் தொழுகைக்குப் போறவங்க. சரக்கு கிடைக்காது. எங்கயாவது தேடிப் பிடிச்சுக் குடிச்சேன்னா, பாயைச் சுருட்டிக்கிட்டு அப்படியே போயிடணும். என்கிட்ட சொல்லக்கூட வர வேணாம்."

அவ்வளவுதான் பேச்சு. பலகைக் கொட்டகையில் ஒரு பாய் கொடுத்தார்கள். முதல் சில நாட்கள் எப்படிப் போயின என்று உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. சுவர் முழுக்க எறும்பு ஊர்வதாகத் தெரிந்தது. அவற்றோடு சத்தமாகச் சண்டை போட்டேனாம். அசுமானியின் மனைவி சர்க்கரை அள்ளிப் போட்ட தேநீரை வாசலில் வைத்துவிட்டு உள்ளே பார்க்காமல் போய்விடுவார். அந்தத் தேநீர்தான் உயிரைப் பிடித்து வைத்தது.

இப்போது களி உள்ளே இறங்குகிறது. பலகை இடுக்குகளில் பஞ்சு திணிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். வந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. நீ நம்பமாட்டாய். மரம் ஏற்றிய லாரியைக் கவிழ்த்து வேலையைத் தொலைத்தவன், உன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விற்றவன், சொன்னால் யார் நம்புவார்கள்? இருந்தாலும் எழுதிவிட்டேன்.

சின்னவன் லிம்பனி என்னைக் கேட்கிறானா?

வைசன்


சிலோமோனி, பிளான்டயர்
9 மே 1996

தியாமிகே அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மத்தயோ அதை மீன் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். நான் படிக்கும்வரை பூனை காலைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

குடிக்கக் கிடைக்காத ஊரில் குடிக்காமல் இருப்பது என்ன பெரிய சாமர்த்தியம்? இங்கே நம் கடைத்தெருவை ஒரு தடவை தாண்டி வந்து காட்டுங்கள், அப்போது நம்புகிறேன். இப்படி எழுதக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன். எடுத்ததும் இதுதான் வருகிறது. நான் என்ன செய்ய?

லிம்பனி கேட்கிறான். தெருவில் பெரிய வண்டி பிரேக் போட்டால் வாசலுக்கு ஓடுகிறான். தியாமிகே கேட்பதில்லை. பதினைந்து வயதுப் பெண், எல்லாவற்றையும் பார்த்தவள். அவளிடம் நானும் உங்களைப் பற்றிப் பேசுவதில்லை.

உங்கள் கூட்டாளி ஜோசே வந்து வாசலில் நின்று இளிக்கிறான். "தங்கச்சி, வைசன் பள்ளிவாசல்ல சேந்துட்டானாமே, இனிமே பேரு என்ன, யூசுபா?" என்றான். "ஆமா, உனக்கும் ஒரு பேரு பாத்து வெச்சிருக்காராம், வர்றியா?" என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாளாக ஆளைக் காணோம்.

மாவை உருட்டி எண்ணெயில் போட்டு மண்டாசி சுட்டு விற்கிறேன். விற்ற நாளில் சாப்பிடுகிறோம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஜூன் வந்தால் ஏரிக் காற்று குளிரும் என்று மத்தயோ சொன்னான். உங்கள் பழுப்பு ஸ்வெட்டரை அடுத்த நடைக்குக் கொடுத்து அனுப்புகிறேன். முழங்கைக் கிழிசலைத் தைத்திருக்கிறேன். இதை வைத்து எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்வெட்டர் இங்கே சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான்.

எப்போது வரலாம் என்று கேட்டு எழுதாதீர்கள். எனக்கே தெரியவில்லை.

ஃபலேசி


சலிமா ஏரிக்கரை
23 ஜூன் 1996

தியாமிகே அம்மாவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சில நாள் சும்மா இருந்தேன். மீன் லாரியில் வந்தது, கருவாட்டு நாற்றம் அடிக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். கருவாட்டு நாற்றம் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. சோளத் தவிடும் சர்க்கரையும் டிரம்மில் புளித்து, அடுப்பில் ஏறி, குழாய் வழியாகச் சொட்டும்போது வருமே, அந்த வாசனை. நூலுக்குள் இறங்கிப்போயிருந்தது. ஒரு நாள் யாரோ பக்கத்தில் குடித்ததால் ஒட்டிக்கொண்ட வாசனை இல்லை அது. கச்சாசு காய்ச்சுகிற வீட்டில் தொங்கிய துணியின் வாசனை. எனக்குத் தெரியாதா?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சிரிக்காதே. ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அசுமானி கூப்பிட்டது காதில் விழவில்லை. அவர் வந்து பார்த்துவிட்டு, "வீட்டு ஞாபகமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை.

பிறகு ஏரியில் இறங்கி அதை அலசினேன், கல்லில் அடித்தேன், மறுபடி அலசினேன். குளிருகிறது. ஆனாலும் அதைப் போட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

நம் வீட்டில் யார் காய்ச்சுகிறார்கள், ஃபலேசி?

வைசன்


சிலோமோனி
20 ஜூலை 1996

தியாமிகே அப்பாவுக்கு,

நான்தான் காய்ச்சுகிறேன். வேறு யார் இருக்கிறார்கள்?

மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. எழுதினால் நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்துவிட முடியும் என்றுதான் எழுதவில்லை. மாவு விலை ஏறியது, மண்டாசியைச் சின்னதாக்கினேன், சின்னதாக்கியதும் வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். அந்த வாரத்தில்தான் பணம் கட்டவில்லை என்று தியாமிகேயைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அவள் அழவில்லை. சீருடையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "இனிமே நானும் மாவு பிசையறேன்" என்றாள். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு நாபிரி வந்து உட்கார்ந்தாள். "ஏன்டி இப்படிக் கிடந்து சாகற? டிரம் நான் தர்றேன், குழாய் நான் தர்றேன். உன் வீட்டுக்காரன் இந்தத் தெருவுல கொட்டின காசுல கொஞ்சமாவது உன் வீட்டுக்குத் திரும்பி வரட்டுமே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களை லாரியில் ஏற்றிய பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது தியாமிகே பள்ளிக்கூடம் போகிறாள். உங்களைக் கெடுத்த சரக்குதான் உங்கள் பெண்ணைப் படிக்க வைக்கிறது. யாரைத் திட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

பின்கட்டில் பெஞ்சு போட்டிருக்கிறேன். உங்கள் கூட்டாளிகள்தான் வருகிறார்கள். ஜோசே நேற்று சொன்னான்: "வைசன் திரும்பி வந்தா செத்துருவான் தங்கச்சி. வெளிய எங்கயும் நடக்கவே வேணாம், கட்டில்லேர்ந்து கையை நீட்டினா போதும்." எல்லோரும் சிரித்தார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவன் சொன்னது சரிதானே? அதனால்தான் வாருங்கள் என்று எழுத முடியவில்லை. நிறுத்திவிட்டேன் என்றும் எழுத முடியவில்லை.

ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் காய்ச்சல் வந்தால் அங்கே யார் பார்ப்பார்கள்?

ஃபலேசி


சலிமா ஏரிக்கரை
25 ஆகஸ்டு 1996

தியாமிகே அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் கூலியை மத்தயோவிடம் கொடுத்திருக்கிறேன். அது போதாது என்று எனக்கும் தெரியும்.

நீங்கள் மூவரும் இங்கே வந்துவிடலாமா என்று அசுமானியிடம் கேட்டேன். "பொண்டாட்டி என்ன வேலை செய்யறா?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்தார். "வைசா, நீ இங்க இருக்கறதுக்கே ஊர்ல நாலு பேரு என்னைக் கேக்கறாங்க. அவ அதை விட்டுட்டு வரட்டும், பாக்கலாம்." விட்டுவிட்டு வந்தால் இங்கே அவளுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவர் உளியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. அவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் ஆணி வாங்க சலிமா டவுனுக்கு அனுப்பினார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை. வாசலில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. என் கால் தானாக நின்றது. ஆணி வாங்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கடை வாசல்வரை போய்விட்டேன், ஃபலேசி. சட்டைப் பையில் கையையும் விட்டுவிட்டேன். கடைக்காரன் கதவை இழுத்துக்கொண்டிருந்தான். யாரோ செத்துப்போனார்களாம், சாவு வீட்டுக்குப் போகிறானாம். "நாளைக்கு வா" என்றான்.

ஆணி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அசுமானி, "நல்ல பையன், நேரத்தோட வந்துட்டியே" என்றார்.

நான் ஜெயிக்கவில்லை. கடை மூடியிருந்தது. நீ மே மாதம் எழுதியது சரி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வைசன்


சிலோமோனி
17 அக்டோபர் 1996

தியாமிகே அப்பாவுக்கு,

கடிதம் வந்து நாளாகியும் இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் நானே காய்ந்துபோன தவிடு மாதிரி ஆகிவிடுகிறேன். இருந்தாலும் வியாபாரம் நன்றாகப் போகிறது. நாபிரியைவிட என் சரக்குக்குத்தான் கிராக்கி. "ஃபலேசி கை பட்டாத்தான் சுத்தம்" என்கிறார்கள். நான் தண்ணீர் கலப்பதில்லை, வேறு எதுவும் கலப்பதில்லை. முதலில் சொட்டுவதை மூடியில் ஊற்றிக் கொளுத்திப் பார்ப்பேன். நீலமாக எரிந்தால் சரி. பிறகு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். நாபிரி சொல்லிக்கொடுத்ததுதான்: "ருசி பாக்காதவ காய்ச்சக் கூடாதுடி, எவனாவது செத்து வெப்பான்."

அது வேலைக்காகத்தான். ஒரு மூடி. குழம்புக்கு உப்புப் பார்ப்பதில்லையா, அது மாதிரி.

அதில் ஒரு நன்மை, தூக்கம் வருகிறது. நீங்கள் போனதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை என்று உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லவில்லை. இப்போது படுத்ததும் தூங்கிவிடுகிறேன். அது ஒன்றும் தப்பில்லையே?

தியாமிகேதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். போன ஞாயிறு தேவாலயத்துக்குக் கிளம்பும்போது, "நீ வர வேணாம்மா, வாய் நாறுது" என்றாள். அறைந்துவிட்டேன். யார் சோற்றைத் தின்றுகொண்டு யாரைப் பேசுகிறாள்! அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். உங்களைப் பார்ப்பாளே, அதே பார்வை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்களிடம் சொன்னால் மனசு ஆறும் என்று எழுதுகிறேன். மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் கட்டுக்குள்தான் இருக்கிறேன்.

ஃபலேசி


சலிமா ஏரிக்கரை
10 நவம்பர் 1996

ஃபலேசி,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது வெயிலைப் பற்றியும் வியாபாரத்தைப் பற்றியும்தான் மனதில் நின்றது. மறுநாள் பலகை இழைக்கும்போதுதான் மற்ற வரிகள் உறைத்தன. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் மறுபடியும் படித்தேன்.

வேலைக்காகத்தான். ஒரு மூடிதான். தூக்கம் வருகிறது. கட்டுக்குள் இருக்கிறேன்.

இதெல்லாம் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். மலைப்பாதையில் லாரி ஓட்டும்போது, குளிருக்காகத்தான் என்பேன். உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நீ அடுப்பங்கரையில் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருப்பாய். இப்போது நான் கேட்கிறேன். அன்றைக்கு உனக்கு எப்படி இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. புரிந்து என்ன ஆகப்போகிறது?

நிறுத்திவிடு. நாபிரியிடமே டிரம்மைத் திருப்பிக் கொடுத்துவிடு. தியாமிகே ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகாவிட்டால் போகட்டும். அப்பன் குடித்தால் குடும்பம் எப்படியோ ஊர்ந்து போய்விடும். தாய் குடித்தால் வீடு என்ன ஆகும்? நம் தெருவிலேயே பார்த்திருக்கிறாய். பெண்பிள்ளை பின்கட்டில் ஆம்பிளைகளுக்கு நடுவில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எனக்கு நினைக்கவே கூசுகிறது.

அதட்டுகிறேன் என்று நினைக்காதே. பயத்தில் எழுதுகிறேன்.

வைசன்


சிலோமோனி
டிசம்பர்

வைசா

கூசுதா? உனக்குக் கூசுதா?

நீ குடிச்சப்ப வீடு என்ன ஆச்சு, சொல்லு. ஊர்ந்து போச்சாம்ல. யாரு ஊர்ந்தது? நான் ஊர்ந்தேன். உன் வாந்தியைத் துடைச்சுக்கிட்டே ஊர்ந்தேன். போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு உன்னை விடுவாங்களான்னு நின்னேன். அப்ப ஒருத்தனும் வந்து, அய்யோ கூசுதேன்னு சொல்லல.

நீ ஏரிக்கரையில காத்து வாங்கிக்கிட்டு நல்லவன் ஆயிட்ட. நல்லா இரு. சர்க்கரை போட்ட டீ குடி. எனக்கு யாரு வாசல்ல டீ வெச்சாங்க?

புள்ளைங்க தூங்குதுங்க. மழை கொட்டுது. பின்கட்டுல ஒரு நாயும் இல்ல. நான் மட்டும்தான்.

ஒரு மூடி இல்ல. போதுமா?

இனிமே எழுதாத.


சலிமா ஏரிக்கரை
29 டிசம்பர் 1996

தியாமிகே அம்மாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இத்தனை வருஷத்தில் நீ என்னை நீ என்று கூப்பிட்டதில்லை. அந்தக் கடிதத்தில் இருந்த எல்லாம் உண்மை. அதை எழுதியது நீயா, அந்த மூடியா என்றுதான் திரும்பத் திரும்ப யோசித்தேன்.

இன்று காலை மத்தயோ வந்தான். மீன் கூடையை இறக்காமல் நேராக என்னிடம் வந்தான். "ஃபலேசிக்குக் கை வெந்துபோச்சுப்பா. கொளுத்திப் பாக்கறப்ப மூடியோட சேத்து மேல ஊத்திக்கிட்டா. முழங்கை வரைக்கும். ஆஸ்பத்திரியில இருக்கா. உன் பொண்ணுதான் கோணியைப் போட்டு அணைச்சிருக்கு" என்றான். "நிதானத்துல இருந்தாளா?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் போய்த் தட்டினான்.

அசுமானியிடம் சொன்னேன். "அங்க போனா நீ குடிச்சுருவ" என்றார். "ஆமாம், குடிச்சுருவேன்னுதான் நினைக்கறேன்" என்றேன். "தெரிஞ்சே போறியா?" "வேற எங்க ஐயா போறது?" அவர் கணக்கைத் தீர்த்துக் கையில் கொடுத்தார். பாயை அங்கேயே விடச் சொன்னார். வேறு ஆளைப் படுக்க விடமாட்டாராம்.

இந்தக் கடிதம் வரும் அதே லாரியில்தான் நானும் வருகிறேன். அப்படியென்றால் எதற்கு எழுத வேண்டும்? நேரில் வந்து நின்றால் இதில் ஒன்றையும் சொல்லமாட்டேன், அதனால் எழுதுகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நீ படித்துக்கொள்.

வைசன்


டெட்சா
16 பிப்ரவரி 1997

தியாமிகே அப்பாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையின் தோல் இன்னும் இழுக்கிறது.

அக்கா எலுபே என்னை நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறாள். காலையில் ஜெபம், மாலையில் ஜெபம், நடுவில் உருளைக்கிழங்கு. வெளியே போனால் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறாள். "உன் நல்லதுக்குத்தான்டி" என்கிறாள். உங்களை நான் லாரியில் ஏற்றினேன். நீங்கள் என்னை பஸ்ஸில் ஏற்றினீர்கள். நீங்கள் மட்டும் பஸ் வளைவு திரும்பும்வரை நின்று பார்த்தீர்கள். அதைவிட நீங்களும் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று நான் என்னென்ன பேசினேன் என்று எனக்கு முழுதாக ஞாபகமில்லை. டிரம்மை நீங்கள் உருட்டிக்கொண்டு போனதும், நான் இடது கையால் களித் துடுப்பை எடுத்து உங்கள் முதுகில் அடித்ததும் ஞாபகமிருக்கிறது. நீங்கள் திருப்பி அடிக்கவில்லை. ஒருவேளை அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஜோசேயும் மற்றவர்களும் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "டேய் வைசா, ஒண்ணே ஒண்ணு, வந்த சந்தோஷத்துக்கு" என்று நீட்டினார்கள். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். உள்ளேயிருந்து நான் பார்த்தேன். நீங்கள் வாங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீங்களும் குடித்துவிட்டால் என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாதே என்றுதான். இவ்வளவு கேவலமாக நினைத்தேன்.

இங்கே வந்து நடுங்கினேன். உங்களுக்கு எறும்பு வந்தது. எனக்குத் தண்ணீர்ச் சத்தம். யாரோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, சொட்டு சொட்டு என்று காதுக்குள். அக்கா தலையில் கை வைத்து ஜெபித்தாள். கையை எடு என்று கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை, பாவம். நீங்கள் நடுங்கியபோது எதைப் பிடித்துக்கொண்டீர்கள்? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்று. நீங்கள் கடை வாசல்வரை போனதை எழுதினீர்கள். நான் போன வாரம் கிழங்குச் சந்தையில் வாசல்வரை போனேன். கடை திறந்திருந்தது.

அக்காவுக்குத் தெரியாது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். லிம்பனிக்கு மழையில் இருமல் வரும், நெஞ்சில் எண்ணெய் தேய்த்துவிடுங்கள்.

ஃபலேசி


சிலோமோனி
30 மார்ச் 1997

தியாமிகே அம்மாவுக்கு,

லிம்பனியின் இருமல் போய்விட்டது. எண்ணெய் தேய்த்தேன். "அம்மா இப்படித் தேய்க்க மாட்டாங்க, உங்க கை பலகை மாதிரி இருக்கு" என்று கத்தினான். இருந்தாலும் தேய்க்கவிட்டான்.

நான் மண்டாசி சுடுகிறேன். வெளியே கருகிவிடுகிறது, உள்ளே மாவாக இருக்கிறது. தியாமிகே பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் என்னை நகரச் சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்துகொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் இந்தத் தவணை முடியும்வரை உட்கார விட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது. ஒரு செங்கல் லாரிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று போய்க் கேட்டேன். முதலாளி, "நீ வைசன்தானே?" என்றார். "ஆமாம்" என்றேன். "போப்பா, போ" என்றார்.

எதைப் பிடித்துக்கொண்டேன் என்று கேட்டாய். நன்றாக யோசித்துப் பார்த்தேன். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை, ஃபலேசி. படுத்துக் கிடந்தேன். அது என்னைப் போட்டு அடித்துவிட்டு, அலுத்துப்போய் நகர்ந்தது. அவ்வளவுதான். உனக்கு ஏதாவது நல்ல வார்த்தை கண்டுபிடித்து எழுதலாம் என்று நாள் கடத்தினேன், அதனால்தான் தாமதம். கிடைக்கவில்லை. நிறுத்திவிடு என்று எழுதினால் நிற்காது. எனக்கு நீ சொல்லாததா? கடைக்குப் போனாயே என்று கோபிக்கவும் எனக்கு வாயில்லை. பக்கத்தில் இருந்திருந்தாலும் என்னால் என்ன செய்திருக்க முடியும் என்று நினைத்தால் ஒன்றும் தோன்றவில்லை. அங்கேயும் முடியாது, இங்கேயும் முடியாது. இதைத்தான் நீ பதினாறு வருஷம் என்னோடு செய்துகொண்டிருந்தாய் போலிருக்கிறது.

சாயங்காலமானால் இன்னும் கதவைத் தட்டுகிறார்கள். "ஃபலேசி இருக்காளா? கொஞ்சமாவது இருக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல என் வாய் ஊறுகிறது. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். அடுத்தவன் தட்டுகிறான்.

போன சனிக்கிழமை சோளப் பீப்பாயைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தபோது அடியில் ஒரு போத்தல் இருந்தது. துணி சுற்றி வைத்திருந்தாய். நிறைய இருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. மூடியைத் திறந்தும்விட்டேன். அந்த வாசனை வந்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்தது, குடி ஞாபகம் வரவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

தியாமிகே உள்ளே வந்தாள். பார்த்தாள். போத்தலை அவளிடம் நீட்டினேன்.

"நீ கொண்டுபோய்க் கொட்டிடும்மா" என்றேன்.

அவள் கையை நீட்டவில்லை. "நீங்களே கொட்டுங்கப்பா. சின்னதுலேர்ந்து உங்களோடதைக் கொட்டினேன். அப்புறம் அம்மாவோடதைக் கொட்டினேன். அம்மா ஒளிச்சு வெக்க வெக்கக் கொட்டினேன். என்னால எல்லாருக்கும் கொட்டிக்கிட்டே இருக்க முடியாது." குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாள், பார்.

கொட்டினேன். கழிவறைக்குப் பின்னால். முகத்தைத் திருப்பிக்கொண்டு கவிழ்த்ததில் பாதி என் கால் மேல் கொட்டியது. குனிந்து கழுவுவதற்குக்கூடப் பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவினேன். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் காலிலிருந்து வாசனை அவளுக்கு அடித்திருக்கும். குடித்துவிட்டேன் என்று நினைத்தாளா, கொட்டிவிட்டேன் என்று நினைத்தாளா, தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

உன்னை வா என்று எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. இங்கே நாபிரி வீட்டு அடுப்புப் புகை நம் ஜன்னலுக்குள்தான் வருகிறது. அங்கே கடை திறந்திருக்கிறது. இடம் தேடித் தேடி எனக்கு அலுத்துவிட்டது. அடுத்த தடவை கடைக்குப் போனாலும் எனக்கு எழுது. போகாவிட்டாலும் எழுது. நான் படித்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல்தான் உட்கார்ந்திருப்பேன். இருந்தாலும் எழுது.

இன்று ஈஸ்டர். மத்தயோ ஒரு மீன் கொடுத்தான். களியும் மீனும் தின்றோம். லிம்பனி மீன் கண்ணைத் தனக்கு வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டான்.

இப்போதுதான் தாளைத் தியாமிகேயிடம் நீட்டி, "அம்மாவுக்கு ஒரு வரி எழுதேன்" என்று கேட்டேன். "இது போய்ச் சேர்ற அன்னிக்கு அவங்க நிதானத்துல இருந்து படிப்பாங்களா?" என்றாள். தெரியாது என்றேன். அவள் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நாளைக் காலையில்தான் தபாலில் சேர்ப்பேன். அதுவரை மேசை மேல் மடிக்காமல் வைத்திருக்கிறேன். என் பெயரை இங்கேயே போட்டுவிட்டு, கீழே அவளுக்கு இடம் விடுகிறேன்.

வைசன்